ஒரே ஒரு மாலை: நீல் ஜோர்டன் படங்களில் எதைத் திரையிடுவது?

எங்கள் திரைப்பட வட்டத்தில் மாதம் ஒரு படம், ஒரு இயக்குநருக்கு ஒரு மாலை. அடுத்த மாதம் அயர்லாந்து என்று முடிவானதும் நீல் ஜோர்டன் பெயருக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. எந்தப் படம் என்பதில்தான் மூன்று வாரமாக இழுபறி. ஆளுக்கொரு படம் சொல்கிறார்கள். ஒருவர் சொல்லும் படத்துக்கும் இன்னொருவர் சொல்லும் படத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இருவரும் ஒரே இயக்குநரைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்றே சந்தேகம் வந்துவிடும்.

சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. சிவப்புத் தொப்பிச் சிறுமியின் ஓநாய்க் கதையை எடுத்தவர்தான் லண்டன் நிழலுலகப் படத்தையும் எடுத்தார். ரத்தக்காட்டேரிப் படம் எடுத்த சூட்டோடு தன் நாட்டு விடுதலைப் போராட்டத்தை எடுத்தார். பேய்க் காமெடி, போர்க்கால லண்டனில் திருமணம் தாண்டிய ஒரு காதல், பிரெஞ்சுக் கடற்கரையில் காசினோ கொள்ளை, நியூயார்க்கில் பழிவாங்கும் பெண், வலையில் சிக்கிய கடற்கன்னி என்று பட்டியல் நீள்கிறது. 1982இல் 'ஏஞ்சல்' தொடங்கி 2022இல் 'மார்லோ' வரை நாற்பது ஆண்டுகள். எந்த ஒன்றைக் காட்டினாலும், பார்ப்பவர்கள் "ஓ, இவர் இந்த மாதிரிப் படம் எடுப்பவர் போல" என்று தவறாக எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். என் கவலை அதுதான். ஜோர்டன் எனக்கு மிகவும் நெருக்கமான இயக்குநர். அவரைத் தவறான வாசல் வழியாக யாரும் சந்திக்கக் கூடாது.

ஆகவே இரண்டு கேள்விகளை மனதில் வைத்து அவருடைய படங்களை மீண்டும் பார்த்தேன். இந்த ஒரு படத்தைப் பார்த்தவருக்கு மற்ற படங்களின் கதவும் திறக்குமா? படம் முடிந்த பிறகு பேசுவதற்கு எங்களுக்கு என்ன மிஞ்சும்?

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். ஜோர்டன் பிறந்தது 1950இல், அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஸ்லைகோவில். வளர்ந்தது டப்ளினில். கேமராவைத் தொடும் முன்பே எழுத்தாளராகப் பெயர் வாங்கியவர். முதல் சிறுகதைத் தொகுப்பு 1976இல் வந்தது, அதற்கு கார்டியன் புனைவு விருதும் கிடைத்தது. இன்றுவரை நாவல் எழுதுவதை அவர் விடவில்லை. சினிமாவுக்குள் அவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தவர் இயக்குநர் ஜான் பூர்மன். ஆர்தர் மன்னன் கதையை பூர்மன் அயர்லாந்தில் படமாக்கியபோது ஜோர்டன் உடனிருந்து வேலை பார்த்தார், அந்தப் படப்பிடிப்பைப் பற்றி ஓர் ஆவணப்படமும் எடுத்தார். அடுத்து 'ஏஞ்சல்' எடுத்தபோது பூர்மன்தான் தயாரிப்பில் துணை நின்றார்.

அவர் எழுத்தாளர் என்பதை நான் வெறும் தகவலாகச் சொல்லவில்லை. படங்களை வரிசையாகப் பார்த்தபோது எனக்குப் பட்டது இதுதான்: வகை மாறும், நாடு மாறும், காலம் மாறும், ஆனால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் யாரோ ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருப்பார். தாங்க முடியாத ஒன்றிலிருந்து ஒளிந்துகொள்ளவே பெரும்பாலும் அந்தக் கதையைச் சொல்வார். ஓநாய்ப் படத்தில் பாட்டி பேத்திக்குச் சொல்கிறாள். ரத்தக்காட்டேரி ஒரு பத்திரிகைக்காரனின் டேப் ரிக்கார்டருக்குச் சொல்கிறான். 'மோனா லிசா'வின் ஜார்ஜ், துப்பறியும் கதைப் பைத்தியமான நண்பனிடம் தன் வாழ்க்கையையே துப்பறியும் கதை போலச் சொல்கிறான். 'பைசாண்டியம்' படத்தில் ஒரு பெண் தன் கதையைத் தாள் தாளாக எழுதிக் காற்றில் விடுகிறாள். 'ஒண்டீன்' படத்தில் சிறுநீரகம் பழுதான ஒரு சிறுமி, அப்பாவின் வலையில் வந்த பெண்ணைக் கடற்கன்னியாக்கிக் கதை கட்டுகிறாள். இந்த இழை கண்ணில் பட்டுவிட்டால் ஜோர்டனின் படங்கள் சிதறிக் கிடப்பதாகத் தோன்றாது. எனவே எந்தப் படம் இந்த இழையை வெளிச்சத்தில் வைக்கிறதோ அதுதான் என் தேர்வு.

சிலவற்றைச் சட்டென்று தள்ளிவிடலாம். 'ஹை ஸ்பிரிட்ஸ்' (1988) அயர்லாந்துக் கோட்டை ஒன்றில் நடக்கும் பேய்க் காமெடி. படத்தொகுப்பு தன் கையை விட்டுப் போய்விட்டதாக ஜோர்டனே சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு வந்த 'வி ஆர் நோ ஏஞ்சல்ஸ்' படத்தில் ராபர்ட் டி நீரோவும் ஷான் பென்னும் இருந்தும் உயிர் இல்லை. 'இன் டிரீம்ஸ்', 'தி பிரேவ் ஒன்', 'கிரெட்டா', 'மார்லோ' ஆகியவற்றில் நல்ல காட்சிகள் உண்டு, ஆனால் அறிமுகத்துக்கு ஏற்றவை அல்ல. 'தி எண்ட் ஆஃப் தி அஃபேர்' (1999) அழகான படம். கிரஹாம் கிரீன் நாவலுக்கு அவர் எழுதிய திரைக்கதைக்கு பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருது கிடைத்தது. ஆனால் அதைத் திரையிட்டால் பேச்சு முழுக்க கிரீனைப் பற்றியே போகும்.

இந்த வரிசையில் ஒரு போக்கு தெரிகிறது. ஹாலிவுட் போவார், காயப்படுவார் அல்லது களைத்துப்போவார், பிறகு அயர்லாந்து திரும்பிச் சின்னதாக ஒன்று எடுப்பார். அதுதான் எப்போதும் நின்றிருக்கிறது. 1988, 89இல் இரண்டு அமெரிக்கத் தோல்விகளுக்குப் பின் டப்ளினுக்குத் தெற்கே ப்ரே என்ற கடற்கரை ஊரில் 'தி மிரக்கிள்' எடுத்தார். அதற்கடுத்த ஆண்டு 'தி க்ரையிங் கேம்'. 2007இல் நியூயார்க்கில் ஜோடி ஃபாஸ்டர் நடித்த 'தி பிரேவ் ஒன்', 2009இல் கார்க் மாவட்டத்தின் காசில்டவுன்பேர் துறைமுகத்தில் 'ஒண்டீன்'. ஊர் திரும்பும்போதுதான் அவருக்குக் குரல் கிடைக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இனி உண்மையான போட்டியாளர்கள்.

வட்டத்தின் இளையவர்கள் கேட்டது 'இண்டர்வியூ வித் தி வாம்பயர்' (1994). டாம் க்ரூஸ், பிராட் பிட், பதினொரு வயது கிர்ஸ்டன் டன்ஸ்ட் என்று கூட்டம் சேர்க்கும் பெயர்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தப் படத்தில் க்ரூஸ் வேண்டவே வேண்டாம் என்று வெளிப்படையாக எதிர்த்த நாவலாசிரியை ஆன் ரைஸ், படத்தைப் பார்த்ததும் மனம் மாறிப் பத்திரிகையில் தானே விளம்பரம் கொடுத்துப் பாராட்டினார். நடிகர்களின் முகத்தில் நரம்பு ஓடுவதை வரைய அவர்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, ரத்தம் முகத்தில் இறங்கிப் புடைத்த நரம்புகளின் மேலேயே ஒப்பனைக்காரர்கள் கோடு இழுத்தார்களாம். அந்தப் பொறுமை திரையில் தெரிகிறது. வளரவே முடியாத உடலுக்குள் முதிர்ந்துபோன சிறுமியாக டன்ஸ்ட் தன் சுருள்முடியை வெட்டி எறிவதும், அது மீண்டும் அப்படியே வளர்ந்து நிற்பதைக் கண்டு அலறுவதும் ஜோர்டன் எடுத்த மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று. ஆனாலும் இது பெரிய ஸ்டுடியோ படம். அலங்காரம் கண்ணை நிறைத்துவிடுகிறது, அதன் பின்னால் இருக்கும் இயக்குநரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இதைத் தனியாக, வீட்டில், இரவில் பாருங்கள்.

மூத்த உறுப்பினர்கள் அயர்லாந்து விடுதலைப் போராட்டத் தலைவர் ஒருவரின் கதையான 'மைக்கேல் காலின்ஸ்' (1996) வேண்டும் என்கிறார்கள். வரலாறு, அரசியல், விடுதலை, துரோகம் எல்லாம் இருக்கிறதே என்கிறார்கள். இந்தப் படத்தின் திரைக்கதையை ஜோர்டன் எண்பதுகளின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். ரத்தக்காட்டேரிப் படம் ஈட்டிய வசூல்தான் ஸ்டுடியோவின் பணப்பெட்டியைத் திறந்தது. வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் விருதும், லியம் நீசனுக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தன. வன்முறை நிறைந்த படம் என்றாலும், நாட்டின் வரலாற்றைச் சொல்வதால் பெற்றோர் துணையுடன் சிறுவர்களும் பார்க்கலாம் என்று அயர்லாந்துத் தணிக்கை அதிகாரி அனுமதித்தார். டப்ளின் மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து கூட்டக் காட்சிகளில் நின்றார்கள்.

ஆனால் படத்தைப் போட்டால் கூடவே ஒரு திருத்தப் பட்டியலும் கொடுக்க வேண்டியிருக்கும். 1920 நவம்பர் 21 அன்று டப்ளினின் குரோக் பார்க் விளையாட்டு அரங்கில் பார்வையாளர்களை பிரிட்டிஷ் படையினர் சுட்டுக்கொன்றது உண்மை. கவச வண்டி மைதானத்துக்குள்ளேயே வந்து சுட்டதாகப் படம் காட்டுவது உண்மையல்ல. படத்தில் சித்திரவதையில் சாகும், காலின்ஸுக்கு ரகசியமாக உதவிய போலீஸ்காரர் நெட் பிராய், நிஜத்தில் பிழைத்திருந்து பின்னாளில் அயர்லாந்துக் காவல்துறைக்கே தலைவரானவர். எல்லாவற்றையும்விடப் பெரிய சர்ச்சை, 1922 ஆகஸ்ட் 22இல் காலின்ஸ் பதுங்கித் தாக்கிக் கொல்லப்பட்டதில், உடனிருந்து பின்பு எதிரணிக்குப் போன தலைவர் டி வலேராவுக்குப் பங்கு இருந்ததுபோல் தோன்றும்படி படம் அமைந்திருப்பது. முப்பத்தொரு வயதில் செத்த ஒருவன் மீது இயக்குநருக்கு இருக்கும் அன்பு இந்தத் தவறுகளுக்குக் காரணம் என்று புரிகிறது. ஆனால் ஒரு நாட்டின் காயத்தைப் பற்றி அந்த நாட்டை அறியாத கூட்டத்துக்குக் காட்டும்போது, எது நடந்தது எது கற்பனை என்று பிரிப்பதிலேயே மாலை கழிந்துவிடும். நான் ஜோர்டனிடம் தேடும் கதைசொல்லியும் இதில் அடங்கி ஒடுங்கி நிற்கிறார். வரலாற்றின் முன் கைகட்டி நிற்பதால் அவருடைய விளையாட்டு குறைந்துவிட்டது.

'தி கம்பெனி ஆஃப் வுல்வ்ஸ்' (1984) எனக்குத் தனிப்பட்ட முறையில் பெரிய ஆசை. ஆங்கில எழுத்தாளர் ஏஞ்சலா கார்ட்டரும் ஜோர்டனும் சேர்ந்து எழுதியது. ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் காட்டையே கட்டி எடுத்தார்கள். கையில் காசு குறைவு, ஆகவே படத்தில் ஓடும் ஓநாய்களில் பல, சாயம் பூசிய பெல்ஜியன் ஷெப்பர்ட் நாய்கள்தான். ஒரு காட்சி போதும்: திருமண இரவில் காணாமல் போன கணவன் வருடங்கள் கழித்துத் திரும்பி வந்து, மனைவிக்கு வேறு குடும்பம் இருப்பதைக் கண்டு தன் முகத் தோலைத் தானே உரித்து ஓநாயாகிறான். வெட்டுப்பட்ட தலை பால் தொட்டியில் விழுந்து மூழ்கி, மனித முகமாக மேலே மிதந்து வருகிறது. வெள்ளைப் பாலில் அந்த முகம் அமைதியாக, ஏதோ தூங்குவதுபோல் இருக்கிறது. பயம் வர வேண்டிய இடத்தில் துக்கம் வருகிறது. ஆனால் கனவுக்குள் கதை, கதைக்குள் கதை என்று போகும் இந்த அமைப்பு முதல் முறை பார்ப்பவரைக் கொஞ்சம் வெளியிலேயே நிறுத்திவிடும். ஜோர்டனை நேசித்த பிறகு பார்க்க வேண்டிய படம் இது.

'மோனா லிசா' (1986) பற்றி நான் நீண்ட நேரம் யோசித்தேன். ஏழு ஆண்டு சிறையில் இருந்துவிட்டு வெளியே வரும் ஜார்ஜுக்கு, பழைய முதலாளி கொடுக்கும் வேலை சிமோன் என்ற விலைமகளுக்குக் காரோட்டுவது. பாப் ஹாஸ்கின்ஸ் இந்தப் பாத்திரத்துக்காக கான் விழாவின் சிறந்த நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்டார். குள்ளமான, கோபக்கார, அசட்டு அன்பு நிறைந்த மனிதன். சிமோன் வாங்கித்தரும் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, நெளிந்து, கண்ணாடி முன் நிற்கும்போது அந்த முகத்தில் ஒரு சிறுவன் தெரிகிறான். தான் பார்ப்பதற்கும் உண்மைக்கும் எவ்வளவு தூரம் என்பது ஜார்ஜுக்குக் கடைசிவரை புரிவதில்லை. குறை என்று சொல்ல எதுவும் இல்லாத படம். ஆனால் இது லண்டன் படம். அயர்லாந்து மாதத்தில் அயர்லாந்தின் வாசனையே இல்லாத படத்தைப் போட என் மனம் ஒப்பவில்லை.

'தி க்ரையிங் கேம்' (1992) பெரும்பான்மையோரின் தேர்வு. எல்லாப் பட்டியல்களிலும் முதலில் நிற்பது இதுதான், அதில் தவறும் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐஆர்ஏவின் (ஐரிஷ் குடியரசுப் படை) ஆட்கள் ஒரு பிரிட்டிஷ் சிப்பாயைக் கடத்துகிறார்கள். காவலுக்கு இருக்கும் ஃபெர்கஸுக்கும் ஜோடி (Jody) என்ற அந்தக் கைதிக்கும் நட்பு முளைக்கிறது. ஃபிராங்க் ஓ'கானர் 1931இல் எழுதிய ஒரு சிறுகதையில் இதற்கு வேர் இருக்கிறது. பணயக் கைதிகளாக இருக்கும் ஆங்கிலேயர்களோடு சீட்டாடிப் பழகிய ஐரிஷ் வீரர்கள் அவர்களையே சுட வேண்டி வரும் கதை. ஜோர்டன் அந்த நட்பை எடுத்துக்கொண்டு, அந்தச் சாவுக்குப் பிறகு உயிரோடு இருப்பவன் என்ன செய்வான் என்று கேட்கிறார்.

கண்ணாடிக் குடிலில் கட்டிப்போட்டு, தலையில் சாக்குப் பை மாட்டிய நிலையில் ஜோடி பேசிக்கொண்டே இருக்கிறான். ஆண்டிகுவாவில் பிறந்து லண்டனில் வளர்ந்தவன். அவனுக்குக் கிரிக்கெட் உயிர். லண்டனில் அது கனவான்களின் ஆட்டம், தன் ஊரில் அது கறுப்பர்களின் ஆட்டம் என்கிறான். ஃபெர்கஸோ அயர்லாந்தின் மட்டைப்பந்தாட்டமான ஹர்லிங்தான் ஆட்டம் என்கிறான். சாவு வாசலில் நிற்கும்போது இருவரும் எந்த ஆட்டம் உசத்தி என்று வாதாடுகிறார்கள். பிறகு ஒரு வேலை வருகிறது. கை கட்டப்பட்டவனுக்குச் சிறுநீர் கழிக்க ஃபெர்கஸ் உதவ வேண்டும். கூச்சம், எரிச்சல், அதைத் தாண்டி இருவருக்கும் அடக்க முடியாமல் வரும் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பிறகு இவனால் அவனைச் சுட முடியாது என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. வசனத்தில் அல்ல, ஒரு சிரிப்பில் ஒரு போராளியின் வாழ்க்கை திசை மாறுகிறது. அதன் பிறகு லண்டனில், ஜோடியின் பர்ஸிலிருந்த புகைப்படத்தில் பார்த்த அவன் காதலி டில்லைத் தேடிப் போகிறான் ஃபெர்கஸ். டில்லாக நடித்த ஜே டேவிட்சனுக்கு இதுதான் முதல் படம்.

பிரிட்டனில் பெரிதாக ஓடாத படம் அமெரிக்காவில் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஆறு ஆஸ்கர் பரிந்துரைகள், அசல் திரைக்கதைக்கான விருது ஜோர்டனுக்கு. ஐரிஷ் சினிமாவுக்கும் அதனால் ஒரு நன்மை நடந்தது. 1987இல் மூடப்பட்ட அயர்லாந்துத் திரைப்பட வாரியம், அந்த ஆஸ்கர் வெற்றி தந்த உற்சாகத்தில் 1993இல் மீண்டும் உயிர் பெற்றது.

இவ்வளவு இருந்தும் இதை முதல் படமாகப் போட வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். காரணம், டில்லைப் பற்றிப் படத்தின் நடுவில் வெளிப்படும் ஒரு ரகசியம். அமெரிக்க விநியோகஸ்தர்கள் "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று கேட்டே படத்தை விற்றார்கள். நான் முதன்முதலில் இதைப் பார்த்தது ஐந்து நண்பர்களுடன் ஓர் அறையில். படம் முடிந்து இரண்டு மணி நேரம் பேசினோம். பேசியது எல்லாம் அந்த ஒரு கணத்தைப் பற்றி. கண்ணாடிக் குடிலைப் பற்றி, அந்தச் சிரிப்பைப் பற்றி, ஜோடியின் பந்துவீச்சு ஃபெர்கஸின் கனவில் திரும்பத் திரும்ப வருவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. வீடு திரும்பும் வழியில் எனக்கு அது பெரிய வருத்தமாக இருந்தது. ரகசியம் முன்பே தெரிந்தவர்களோ அந்தக் கணத்துக்காகக் காத்திருப்பார்கள், தெரியாதவர்கள் அதைத் தாண்டி வர மாட்டார்கள். உண்மை தெரிந்த நொடியில் ஃபெர்கஸ் நடந்துகொள்ளும் விதம் இன்று பார்க்கும் பலருக்கு வலி தரும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அந்த வலி நியாயமானது, அதைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். இயக்குநரை ஏற்கெனவே கொஞ்சம் அறிந்த கூட்டத்தில்தான் அந்தப் பேச்சு நன்றாக நடக்கும். இரண்டாம் மாலை கிடைத்தால் 'தி க்ரையிங் கேம்'தான்.

என் தேர்வு 'தி புட்சர் பாய்' (1997).

பேட்ரிக் மெக்கேப்பின் நாவல் இது. அவர் பிறந்து வளர்ந்த மோனகன் மாவட்டத்து க்ளோன்ஸ் ஊரிலேயே படப்பிடிப்பு. காலம் அறுபதுகளின் தொடக்கம், கியூபா ஏவுகணை நெருக்கடியால் உலகமே அணுகுண்டுக்குப் பயந்துகொண்டிருந்த நேரம். ஃபிரான்சி பிராடி என்ற சிறுவன், குடித்துக்கொண்டே இருக்கும் டிரம்பெட் வாசிக்கும் அப்பா, மனம் உடைந்துபோன அம்மா, உயிர் நண்பன் ஜோ. எதிரி என்றால் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்து நாகரிகம் காட்டும் மிஸஸ் நியூஜென்ட். ஃபிரான்சியின் குடும்பத்தை அவள் பன்றிகள் என்று சொல்லிவிடுகிறாள். அந்த ஒரு சொல் பையனின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. எங்கே போய் முடியும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

பாக்கிப் படங்களில் ஜோர்டன் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குத் தாவுகிறார். இங்கே எல்லா வகைகளும் ஒரே பையனின் தலைக்குள் இருக்கின்றன. கௌபாய் படம், விண்வெளி மனிதர்கள் வரும் காமிக்ஸ், பக்திக் கதை, திகில் கதை, சிரிப்புக் கதை எதுவும் பாக்கியில்லை. அணுகுண்டு வெடித்து ஏரியின் மேல் காளான் மேகம் எழுகிறது. அடுத்த காட்சியில் அதே ஏரிக்கரையில் இரண்டு பையன்கள் விளையாடுகிறார்கள். மாதா தரிசனம் தருகிறாள், பச்சையாகக் கெட்ட வார்த்தையில் அவனிடம் பேசுகிறாள். மாதாவாக நடித்தவர் சினேட் ஓ'கானர். 1992இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நேரலையில் போப்பின் படத்தைக் கிழித்தவர். திருச்சபைக்குள் சிறுவர்களுக்கு நடந்த கொடுமைக்காகக் குரல் எழுப்பி, அதற்காக ஒதுக்கி வைக்கப்பட்டவர். அவருக்கு மாதாவின் நீல முக்காட்டைப் போட்டுவிட்டதை நான் சீண்டலாகப் பார்க்கவில்லை. அந்தப் பையனுக்குக் கனிவாகப் பேசும் ஒரே தாய் அவர்தான்.

அம்மா மனநல மருத்துவமனைக்குப் போகிறாள். அதை ஃபிரான்சி எப்படிச் சொல்கிறான் தெரியுமா? பிரேக்டவுன் ஆகிவிட்டதாம், கராஜுக்குக் கொண்டுபோயிருக்கிறார்களாம். பெரியவர்கள் வாயில் கேட்ட ஒரு சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டு அம்மாவைக் காராக்கிவிட்டான். முதலில் சிரிப்பு வருகிறது. கார் என்றால் சரிசெய்து திருப்பித் தந்துவிடுவார்கள், அதனால்தான் பிள்ளை அந்தச் சொல்லைப் பிடித்துத் தொங்குகிறது என்பது நமக்கு உறைக்கும்போது சிரித்ததற்காகவே நெஞ்சு கனக்கிறது. வீட்டை விட்டு டப்ளினுக்கு ஓடிப்போனவன், தாயன்பைப் போற்றும் வரி எழுதிய பரிசுப்பொருளை வாங்கிக்கொண்டு திரும்புகிறான். ஊருக்குள் நுழையும்போது எதிரே வருவது அம்மாவின் சவ ஊர்வலம். பின்னால் ஒருநாள் அப்பா நாற்காலியிலேயே செத்துக் கிடக்கிறார், பையனோ அவரிடம் பேசிக்கொண்டே வீட்டு வேலைகளைப் பார்த்துவருகிறான். அவனுக்கு நிஜம் தெரியாமல் இல்லை. கதையை நிறுத்தினால் நிஜம் உள்ளே வந்துவிடும் என்பதால் நிறுத்த மாட்டேன் என்கிறான். ஜோர்டன் வாழ்நாள் முழுக்க எடுத்துவந்த விஷயத்தை இவ்வளவு பக்கத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

ஃபிரான்சியாக நடித்த ஈமன் ஓவன்ஸ், பக்கத்து கேவன் மாவட்டத்துப் பள்ளிப் பையன். அதற்கு முன் சினிமா அனுபவம் கிடையாது. சிவந்த தலைமுடி, உப்பிய கன்னம், வாய் ஓயாத பேச்சு. படம் முழுக்க அவன் தோளில்தான். அப்பாவாக நடித்த ஸ்டீபன் ரேதான் வளர்ந்த ஃபிரான்சியின் குரலாகவும் கதை சொல்கிறார். முதல் படத்திலிருந்தே ஜோர்டனின் கூடவே வரும் நடிகர். 'க்ரையிங் கேம்' ஃபெர்கஸும் இவரே, பால் தொட்டியில் மிதந்த தலையும் இவருடையதே. அப்பனின் குரலும் மகனின் குரலும் ஒன்றாக இருப்பதை மட்டும் கவனித்துக்கொண்டே பாருங்கள்.

வரலாறு வேண்டும் என்ற மூத்தவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது. ஃபிரான்சியை அனுப்பிவைக்கும் பாதிரியார்கள் நடத்தும் சீர்திருத்தப் பள்ளி, அங்கே வயதான பாதிரியார் அவனிடம் நடந்துகொள்ளும் விதம், அதை மூடிமறைப்பது எல்லாம் படத்தில் இருக்கிறது. அத்தகைய பள்ளிகளில் வதைபட்ட பிள்ளைகளிடம் அயர்லாந்துப் பிரதமர் அரசு சார்பில் மன்னிப்புக் கேட்டது 1999இல். விசாரணை ஆணையத்தின் முழு அறிக்கை வந்தது 2009இல். படம் இரண்டுக்கும் முந்தியது. ஒரு நாடு ஒப்புக்கொள்வதற்கு முன்பே அந்த நாட்டின் கதைசொல்லிகள் அதைச் சொல்லிவிட்டார்கள். தலைவர்களின் வரலாற்றை விட இந்த வரலாறு எனக்கு நெருக்கமாக இருக்கிறது.

எதிர்ப்பக்கம் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். உச்சரிப்பு கடினம். வட அயர்லாந்து எல்லையை ஒட்டிய மாவட்டத்து ஆங்கிலம், அதையும் பையன் மூச்சுவிடாமல் பேசுகிறான். கடைசிப் பகுதியில் வரும் கொலை மனதைக் குலைக்கும், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைக் கூட்டி வரும் உறுப்பினர்கள் அந்த மாலை மட்டும் அவர்களை வீட்டில் விட்டு வர வேண்டும். குழந்தை மீதான பாலியல் அத்துமீறல் வருகிறது என்பதையும் அழைப்பிலேயே எழுதிவிட வேண்டும். பெரிய நட்சத்திரம் இல்லை. கூட்டம் பத்துப் பேர் குறையலாம். பெர்லின் விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி வாங்கிய படம் என்று சுவரொட்டியில் போட்டாலும் அந்தப் பத்துப் பேர் வருவார்களா தெரியாது. பரவாயில்லை. வந்தவர்கள் எழுந்து போக மாட்டார்கள்.

இதே மெக்கேப்பின் வேறொரு நாவலிலிருந்து ஜோர்டன் எடுத்த படமான 'பிரேக்ஃபாஸ்ட் ஆன் புளூட்டோ' (2005) இதைவிட இதமானதாயிற்றே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். சின்னச் சின்ன அத்தியாயங்களாக நகரும் அதில், சிலியன் மர்ஃபி ஏற்ற பாட்ரிக் என்ற 'கிட்டன்', குண்டுவெடிப்புகளுக்கு நடுவே தன்னை ஒரு தேவதைக் கதையாகச் சொல்லிக்கொண்டு வாழ்கிறாள். எனக்கும் மிகப் பிடித்த படம்தான். ஃபிரான்சிக்குக் கதை கைகொடுக்கவில்லை, கிட்டனுக்குக் கைகொடுத்தது. அதனால் இரண்டையும் இந்த வரிசையில் பார்ப்பதே நல்லது. மூன்றாம் மாலை என்று ஒன்று வாய்த்தால் அதற்கு அதுதான்.

வசன வரிகளை நானும் இன்னொரு நண்பரும் தமிழில் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். 'கராஜ்' என்ற சொல்லை 'ஒர்க் ஷாப்' என்று போட்டிருக்கிறோம். "அம்மா ஒர்க் ஷாப்பில் இருக்கிறாள்" என்று அந்தப் பையன் சொல்லும்போது நம் ஆட்களுக்கு அது சரியாகப் போய்ச் சேரும். சனிக்கிழமை மாலை ஆறு மணி. ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து உட்காருங்கள். தலைப்பு ஓடும்போது காமிக்ஸ் கட்டங்கள் வருகின்றன, அவற்றிலிருந்தே படம் தொடங்கிவிடுகிறது.